வளையமும் பலகையும்: மாற்றங்களைச் சோதிக்கும் முறைகள்

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், அதாவது 3.05 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தை யாரும் சோதித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் கைப்பிடியில் அடித்து மாட்டினார். கைப்பிடி இருந்த உயரம் 10 அடி. அதுவே விதியாகி, உலகெங்கும் நிலைத்துவிட்டது.

பலகையும் இப்படித் தற்செயலாகவே வந்தது. மாடத்தில் நின்ற பார்வையாளர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள். அதைத் தடுக்கக் கூடைக்குப் பின்னால் கம்பி வலை கட்டினார்கள். வலை அடிபட்டு அங்கங்கே குழிந்தது. எந்தக் குழியில் பட்டால் பந்து எப்படித் திரும்பும் என்பது உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. மரப்பலகை அதற்கு மாற்றாக வந்தது. பந்தை மறிக்க வைத்த தடுப்பு பந்தைத் திருப்பி அனுப்பும் கருவியாகிவிட்டது. அதில் பட்டுத் திரும்பும் பந்துக்காக ஒரு தனி ஆட்டக்கலையே வளர்ந்தது.

ஆட்டத்தின் மிக முக்கியமான இரண்டு கருவிகள் இப்படி அமைந்ததால், அவற்றை மாற்ற வேண்டும் என்ற குரல் தொடக்கம் முதலே எழுந்துகொண்டிருக்கிறது. வளையத்தை உயர்த்தலாம், தாழ்த்தலாம், பலகையைச் சிறிதாக்கலாம், முன்னே தள்ளலாம், வளையத்துக்கு வில் பொருத்தலாம் என்று பல யோசனைகள் வந்தன. சில நிலைத்தன, பல ஒரே நாளில் முடிந்தன. எது நிலைத்தது என்பதைத் தீர்மானித்ததில் யோசனையின் சிறப்பைவிடச் சோதித்த முறைக்கே பங்கு அதிகம்.

உயரத்தை மாற்றும் முயற்சிகள்

வளையத்தை 12 அடிக்கு உயர்த்த வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடியவர் கான்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஃபாரஸ்ட் ‘ஃபாக்’ ஆலன். நெட்டை ஆட்டக்காரர்கள் வளையத்தடியில் நின்றே ஆட்டத்தை முடித்துவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. 1934 டிசம்பரில் கான்சாஸ் பல்கலைக்கழகமும் கான்சாஸ் மாநிலக் கல்லூரியும் 12 அடி வளையத்தில் ஆடிப் பார்த்தன. விதியில் மாற்றம் வரவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின் தொழில்முறை ஆட்டத்திலும் இதே முயற்சி நடந்தது. மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் 2.08 மீட்டர் உயரமுள்ள ஜார்ஜ் மைக்கன் ஆடிக்கொண்டிருந்தார். அவரைக் கட்டுப்படுத்தவே 1951இல் வளையத்துக்கு முன்னுள்ள கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியிருந்தார்கள். அது போதாது என்று நினைத்த அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ., 1954 மார்ச் 7 அன்று மில்வாக்கி ஹாக்ஸ் அணியுடனான ஒரு ஆட்டத்தை 12 அடி வளையத்தில் நடத்தியது. பருவப் பட்டியலில் கணக்கில் சேரும் ஆட்டம் அது. லேக்கர்ஸ் 65-63 என்று வென்றது. ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை, யோசனை அன்றோடு கைவிடப்பட்டது.

அந்த ஒரே ஆட்டத்திலிருந்து எதையாவது முடிவுசெய்ய முடியுமா என்பதே இங்கே முதல் கேள்வி. நூற்றுக்கு 45 எறிகள் விழும் ஒரு ஆட்டத்தில், ஒரு மாற்றம் அதை 40 ஆகக் குறைக்கிறதா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, பழைய வளையத்தில் சுமார் 1500 எறிகளும் புதிய வளையத்தில் அதே அளவும் தேவை. புள்ளியியலின் சாதாரணக் கணக்கு இது. வேறுபாடு 10 புள்ளி அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு வளையத்திலும் 400 எறிகளாவது வேண்டும். ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து எறிவது இருநூறைத் தாண்டுவது அரிது. மேலும், வாழ்நாள் முழுவதும் 10 அடிக்குப் பழகிய கையை ஒரே மாலையில் 12 அடிக்கு எறியச் சொன்னால் வெளிப்படுவது பழக்கக் குறைவுதான். புதிய உயரத்தின் இயல்பு அதில் தெரியாது. பல வாரப் பயிற்சிக்குப் பின் எடுக்கும் அளவே அதைக் காட்டும். 1954இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது ஒரு மாலை வேடிக்கைதான். சோதனை என்று அதை அழைப்பது பொருந்தாது.

உயரத்தின் விளைவைக் காகிதத்திலேயே ஓரளவு கணக்கிடலாம். ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து வளையத்தின் நடுப்புள்ளி 4.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. வளர்ந்த ஆட்டக்காரர் 2.1 மீட்டர் உயரத்தில் பந்தை விடுவதாகக் கொண்டால், 10 அடி வளையத்தை எட்டக் குறைந்தது நொடிக்கு 7.2 மீட்டர் வேகம் வேண்டும். 12 அடிக்கு அது 7.7 மீட்டர். வேகத்தில் ஏழு விழுக்காடுதான் கூடுகிறது என்றாலும் கை கொடுக்க வேண்டிய ஆற்றல் 15 விழுக்காடு கூடுகிறது.

வேகத்தைவிடக் கோணம் முக்கியம். வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் 24 செ.மீ. பந்து சாய்வாக வரும்போது அதற்குத் திறந்திருக்கும் வாய் சுருங்குகிறது. கிடைமட்டத்துக்கு 32 பாகைக்கும் கீழான கோணத்தில் வரும் பந்து விளிம்பைத் தொடாமல் உள்ளே போகவே முடியாது. குறைந்த ஆற்றலில் எறிந்த பந்து 10 அடி வளையத்தில் 39 பாகையில் இறங்குகிறது. அப்போது பந்துக்கு மிஞ்சும் இடைவெளி 4 செ.மீ. அதேபோல் குறைந்த ஆற்றலில் 12 அடிக்கு எறிந்தால் கோணம் 35 பாகையாகிறது; இடைவெளி 2 செ.மீ.க்கும் குறைகிறது. ஆகவே உயர்ந்த வளையத்துக்கு எறிபவர் குறைந்தபட்ச ஆற்றலோடு நிற்க முடியாது. இன்னும் உயர்த்தி, இன்னும் வலுவாக எறிய வேண்டும். தூரத்திலிருந்து எறியும் குட்டை ஆட்டக்காரருக்குத்தான் இந்தச் சுமை முதலில் விழும். தவறும் எறிகள் பெருகப் பெருக, தெறித்து வரும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுகளும் பெருகும். ரீபவுண்டு நெட்டையருடைய பங்கு. நெட்டையரின் ஆதிக்கத்தைக் குறைக்கக் கொண்டுவந்த யோசனை அதை வளர்த்துவிடக் கூடும் என்பதை ஒரு ஆட்டம்கூட ஆடாமல் கணித்திருக்கலாம்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை நடத்தும் என்.சி.ஏ.ஏ., 1967இல் வேறு வழியை எடுத்தது: வளையத்தை மாற்றாமல், தாவிப் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அழுத்தும் டங்க்கைத் தடைசெய்தது. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டர், தடைக்குப் பிறகும் கொக்கி எறியால் புள்ளிகளைக் குவித்தார். 1976இல் தடை நீங்கியது. கருவியை மாற்றியோ விதியை மாற்றியோ உயரமான மனிதரைக் குட்டையாக்க முடியவில்லை.

வளையம்: அளந்து செய்த மாற்றம்

உயர மாற்றம் தோற்ற இடத்தில் வளைய மாற்றம் வென்றது. 1979 நவம்பர் 13 அன்று கான்சாஸ் நகரத்தில் ஃபிலடெல்ஃபியா அணியின் டாரில் டாக்கின்ஸ் அடித்த டங்கில் கண்ணாடிப் பலகை நொறுங்கியது. மூன்று வாரத்தில் சொந்த ஊர்க் களத்தில் இன்னொரு பலகையையும் உடைத்தார். கண்ணாடித் துண்டுகள் ஆட்டக்காரர்கள்மேல் தெறித்தன, ஆட்டம் நின்றது. சிக்கல் என்ன என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை: வளையம் அசையாமல் இறுகி நின்றதால் தொங்குபவரின் எடை முழுவதும் பலகைக்குப் போயிற்று.

அதற்கான விடை ஏற்கெனவே ஒரு தானியக் கிடங்கு ஊழியரிடம் இருந்தது. இல்லினாய் மாநிலத்து ஆர்தர் எர்ரட், உழவுக் கருவி ஒன்றின் வில்லை வளையத்தில் பொருத்திப் பார்த்தார். 125 பவுண்டு, அதாவது சுமார் 57 கிலோ எடை விழும்வரை வளையம் அசையாது. அதற்கு மேல் மடங்கும். விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். 1982இல் காப்புரிமை கிடைத்தது. என்.பி.ஏ. 1981-82 பருவத்திலேயே மடங்கும் வளையத்தை ஏற்றுக்கொண்டது.

இந்த மாற்றம் எளிதில் நிலைத்ததற்குக் காரணம், அதை எண்ணில் சொல்ல முடிந்தது என்பதே. எவ்வளவு எடையில் மடங்க வேண்டும், எவ்வளவு மடங்கலாம், மடங்காத நிலையில் பந்து எப்படித் தெறிக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்க முடிந்தது. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் அளவுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பலகையிலிருந்து மிகத் தொலைவான விளிம்பில் எடையை ஏற்றும்போது, வளையம் 82 கிலோவுக்குக் கீழ் மடங்கக் கூடாது. 105 கிலோவுக்குள் மடங்கிவிட வேண்டும். மடங்கும் கோணம் 10 பாகைக்குக் குறையாமலும் 30 பாகையைத் தாண்டாமலும் இருக்க வேண்டும்.

தெறிப்புக்கும் அளவு உண்டு. பந்து மோதும்போது அதன் ஆற்றலில் 35 முதல் 50 விழுக்காடு வரை வளையமும் அதன் தாங்கியும் உறிஞ்ச வேண்டும். ஒரே களத்தின் இரண்டு வளையங்களுக்கிடையே வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது நிபந்தனை நுட்பமானது. ஒரு முனை ‘மென்மையாக’ இருந்து மறுமுனை ‘கடினமாக’ இருந்தால், விளிம்பில் பட்ட பந்து ஒருபுறம் உள்ளே விழும், மறுபுறம் வெளியே தெறிக்கும். ஆட்டக்காரர்கள் இதை உடனே உணர்வார்கள்; ஆனால் உணர்வை வைத்து முறையீடு செய்ய முடியாது. வளையத்தில் மாட்டி ஒரு எடையை விழச்செய்து, உறிஞ்சிய ஆற்றலை எண்ணாகக் காட்டும் கருவி வந்த பிறகே அந்தக் குறைக்கு ஒரு மொழி கிடைத்தது.

வளையம் மடங்கினாலும் தாங்கி மடங்கக் கூடாது. 1993இல் ஷகீல் ஓ’நீல் ஃபீனிக்ஸிலும் நியூ ஜெர்சியிலும் வளையத்தோடு தாங்கியமைப்பையே சாய்த்தார். பிறகு என்.பி.ஏ. தாங்கிகளை வலுப்படுத்தியது. ஒரு உறுப்பைச் சோதித்துத் தேற்றிவிட்டு அது பொருந்திய முழு அமைப்பைச் சோதிக்காமல் விட்டால் பலவீனம் அடுத்த இணைப்புக்கு நகர்கிறது.

பலகை

பலகையில் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் நிலைத்தன. அமெரிக்கக் கல்லூரி விதிகளில் 1939-40 பருவத்தில் பலகை எல்லைக்கோட்டிலிருந்து 2 அடிக்குப் பதில் 4 அடி உள்ளே நகர்ந்தது; வளையத்துக்குப் பின்னாலும் ஆட இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு விசிறி வடிவப் பலகைக்கு அனுமதி வந்தது. 1946இல் ஒளி ஊடுருவும் பலகை ஏற்கப்பட்டது. பின்னால் உட்கார்ந்தவர்களுக்கும் ஆட்டம் தெரிந்தது. இன்று ஃபீபாவின் பலகை 1.80 மீட்டர் அகலமும் 1.05 மீட்டர் உயரமும் உடையது. கீழ்விளிம்பு தரையிலிருந்து 2.90 மீட்டர். முன்பு உயரம் 1.20 மீட்டராகவும் கீழ்விளிம்பு 2.75 மீட்டராகவும் இருந்தன. மேல்விளிம்பை அப்படியே விட்டுக் கீழே 15 செ.மீ. வெட்டியதில், தாவும் ஆட்டக்காரரின் தலைக்கும் கைக்கும் இடம் கிடைத்தது. பந்து படும் பகுதி குறையவில்லை. ஆட்டத்தைத் தொடாமல் பாதுகாப்பைக் கூட்டிய இந்த மாற்றம் போதிய பாராட்டைப் பெறவில்லை.

பலகையில் எங்கே பட்டால் நல்லது என்பது கணினி வந்த பிறகே தெளிவாயிற்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாரி சில்வர்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் பத்து லட்சம் எறிகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். வளையத்துக்கு அருகே பல கோணங்களில் நேர் எறியைவிடப் பலகை எறி 20 விழுக்காடு வரை அதிகம் பலன் தரும் என்று கண்டார்கள். குறிவைக்க வேண்டிய புள்ளிகள் பலகையில் ‘வி’ வடிவில் அமைகின்றன. இப்படிப்பட்ட கணினிச் சோதனை மலிவானது. பலகையின் அளவையோ வளையத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள 15 செ.மீ. இடைவெளியையோ மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஒரு மரத்தைக்கூட அறுக்காமல் முதலில் பார்த்துவிடலாம். ஆனால் கணினிக்குள் வியர்வை இல்லை, தேய்மானம் இல்லை, பயம் இல்லை.

அந்த மூன்றையும் மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பந்தின் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 2006இல் என்.பி.ஏ. தோல்பந்துக்குப் பதில் நுண்ணிழைச் செயற்கைப் பந்தை அறிமுகப்படுத்தியது. ஆட்டக்காரர்களைப் போதிய அளவு கேட்கவில்லை. ஈரத்தில் வழுக்குகிறது, விரலைக் கிழிக்கிறது என்ற முறையீடுகள் வந்தன. ஆர்லிங்டனிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அளந்தபோது புதிய பந்து குறைவாகத் துள்ளுவதும் ஈரத்தில் பிடிமானம் இழப்பதும் உறுதியாயிற்று. 2007 ஜனவரி 1 முதல் தோல்பந்தே திரும்பியது. ஆட்டக்காரரின் கையும் ஒரு அளவுகோல். ஆய்வகத்துக்கு முன்பே அது பல குறைகளைச் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டுக் களங்கள்

தமிழ்நாட்டுக்கு இந்த ஆட்டம் ஏறக்குறைய ஊற்றிலிருந்தே வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்று வெளியேறிய உடற்பயிற்சி ஆசிரியர்கள் மாநிலமெங்கும் பள்ளி மைதானங்களில் கம்பம் நட்டார்கள். இன்று கோவையிலும் பெரியகுளத்திலும் அகில இந்தியப் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. பழனி மலையின் அடிவாரத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் நடத்தும் பெரியகுளம் போட்டி தென்தமிழகத்தின் திருவிழாக்களில் ஒன்று. 2009இல் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. இந்திய அணியை வழிநடத்திய சென்னையின் பி. அனிதா 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

உள்ளரங்கில் நடக்கும் பன்னாட்டுப் போட்டிக்கு ஃபீபா சான்றளித்த தாங்கி வரும். பெரும்பான்மைப் பிள்ளைகள் ஆடுவது திறந்தவெளியில், உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்த இரும்புக் கம்பத்தடியில். போர்டு என்றால் ஒட்டுப்பலகை அல்லது இரும்புத் தகடு; ரிங் என்றால் வளைத்த கம்பி; வில் கிடையாது. அவற்றுக்கு யாரும் சோதனைச் சான்று கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதை 2025 நவம்பர் மிகக் கொடுமையாகக் காட்டியது. ஹரியானாவில் ரோத்தக் மாவட்டத்து லாக்கன் மாஜ்ராவிலும், பகதூர்கரிலும் கூடைப்பந்துக் கம்பம் சரிந்து விழுந்து பதின்ம வயதினர் இருவர் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். இந்தியாவில் வளையம், பலகை பற்றிய எந்தச் சோதனையும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிறுவர்களுக்கும் பெண்களுக்கும்

சிறுவர்களுக்கு வளையத்தைத் தாழ்த்துவதே இத்துறையில் மிகத் தெளிவாகச் சோதித்து நிறுவிய மாற்றம். மினி கூடைப்பந்தில் வளைய உயரம் 2.60 மீட்டர், பந்து ஐந்தாம் அளவு. 1994இல் மெலிசா சேஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் 10 அடி வளையத்தைவிட 8 அடி வளையத்தில் அதிகக் கூடைகள் போட்டார்கள்; தம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் கூடியது.

முன்பு பார்த்த கணக்கை இங்கே பொருத்தினால் காரணம் விளங்கும். ஒரு பதினொரு வயதுப் பிள்ளை 1.4 மீட்டர் உயரத்தில் பந்தை விடுவதாகக் கொள்ளலாம். 10 அடி வளையத்துக்கு அந்தப் பிள்ளை கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 7.8 மீட்டர். வளர்ந்த ஆட்டக்காரர் 12 அடி வளையத்துக்குக் கொடுத்தது 7.7. அதாவது, தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரே மாலை ஆடிவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தச் சுமையைவிடச் சற்று அதிகமானதைப் பள்ளிப்பிள்ளைகள் மெலிந்த கையோடு தினமும் சுமக்கிறார்கள். பிள்ளைகள் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் பந்தைத் தூக்கி எறிவதும், அந்தப் பழக்கம் பின்னால் மாறாமல் போவதும் இதனால்தான். வளையத்தை 2.60 மீட்டருக்குத் தாழ்த்தினால் வேகம் 7.4 ஆகக் குறைகிறது. ஆற்றல் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகிறது.

பெண்களின் ஆட்டத்தில் நிலைமை வேறு. அமெரிக்கக் கல்லூரிகளில் 1984இல் பந்து சிறிதாயிற்று. அது எளிதில் நிலைத்தது. 2012இல் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜீனோ ஔரியெம்மா வளையத்தைச் சுமார் 7 அங்குலம் தாழ்த்தலாம் என்று சொன்னபோது பெரும் விவாதம் எழுந்தது, மாற்றம் வரவில்லை. பந்தைப் பையில் கொண்டுபோகலாம். வளையத்தை மாற்ற உலகிலுள்ள கம்பங்கள் அனைத்தையும் தொட வேண்டும். செலவு ஒருபுறம் இருக்க, பத்தாண்டுகளாக ஒரு உயரத்துக்குப் பழகிய பெண்களிடம் கேட்காமல் அவர்கள் பெயரால் தாழ்த்துவது சரியான வழியும் அல்ல.

மேல்மலையில் சோதனை

இந்த முறைகளை ஒரு மலைக் கிராமத்தில் பொருத்திப் பார்க்கலாம். பழனி மலையில் கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மேல்மலைக் கிராமங்களில் பூண்டியும் ஒன்று. மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை போலவே பூண்டும் கேரட்டும் உருளையும் விளையும் படிக்கட்டு வயல்கள் சூழ்ந்த ஊர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம். கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஹைகிளார்க் பள்ளியே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. அத்தகைய பள்ளிக்குக் கிடைக்கும் கருவிகள் மேல்மலைக் கிராமப் பள்ளிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் காற்று, மழை, பனி மூன்றும் இரண்டுக்கும் ஒன்றே. சமவெளியில் சோதித்து ஏற்ற ஒரு மாற்றத்தை இங்கே அப்படியே நம்பிவிட முடியாது.

முதலில் பந்து. சமவெளியில் 30 பாகை வெப்பத்தில் 8 பவுண்டு அழுத்தம் காட்டுமாறு காற்றடித்த பந்தை மலைக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அது இறுகுகிறது. குளிர் அதைச் சற்றுத் தளர்த்தும். 15 பாகையில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 பவுண்டு காட்டும். அந்தப் பந்து வளையத்தில் பட்டுத் துள்ளுவதை வைத்து ‘புது ரிங் கடினமாக இருக்கிறது’ என்று முடிவுகட்டினால் தவறு வளையத்தின் மேல் விழும். ஆகவே எந்தச் சோதனைக்கு முன்னும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் அழுத்தத்தை அளந்து சரிசெய்ய வேண்டும்.

அடுத்து காற்றின் அடர்த்தி. குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இங்கே காற்று சமவெளியைவிட ஆறில் ஒரு பங்குக்கு மேல் இலேசானது. ஃப்ரீ த்ரோ பந்தைக் காற்று தடுக்கும் விசை அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள்தான்; அதில் ஆறில் ஒன்று குறைந்தாலும் பந்து சில சென்டிமீட்டர் அதிகம் போகும். வளையத்தில் பந்துக்குப் பக்கவாட்டில் மிஞ்சும் இடம் 10 செ.மீ. சொச்சம் என்பதை நினைத்தால் அது சிறிதல்ல. கீழிருந்து வந்த அணியை ஏறிய அன்றே எறியச் சொல்லிப் பழைய, புதிய வளையங்களை ஒப்பிடக் கூடாது. ஒரே ஊர்ப் பிள்ளைகள், ஒரே பந்து. ஒரு நாள் பழைய வளையம் முதலில், மறுநாள் புதியது முதலில் என்று மாறிமாறி எறிய வேண்டும். முப்பது பிள்ளைகள் ஆளுக்கு ஐம்பது எறிகள் என்று ஒவ்வொரு வளையத்திலும் எறிந்தால் முன்பு சொன்ன 1500 நிறைந்துவிடும். ஒரு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரே இதைச் சில வாரங்களில் முடிக்கலாம். எழுதிவைக்க ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

பலகையின் தெறிப்பையும் எளிய முறையில் ஒப்பிடலாம். மேலே ஒரு தாங்கியில் கயிறு கட்டிப் பந்தைத் தொங்கவிட்டு, குறிப்பிட்ட உயரத்துக்கு இழுத்து விட வேண்டும். பலகையில் மோதி எவ்வளவு உயரத்துக்குத் திரும்புகிறதோ அந்த விகிதமே மிஞ்சிய ஆற்றலின் விகிதம். நடுக்கட்டம், மூலைகள், கீழ்விளிம்பு என்று இடம் மாற்றிச் செய்தால், நனைந்து ஊறிய ஒட்டுப்பலகையில் எங்கே உள்ளுக்குள் பிரிந்திருக்கிறது என்பதும் வெளியாகும். மலையில் இந்தச் சோதனையை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் செய்வது அவசியம். கோடையில் தேறிய பலகை தையில் தேறும் என்பதற்கு உறுதி இல்லை.

மேல்மலையில் இன்னொரு நெருக்கடி சமதளம். முழுக் களத்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் வேண்டும். சரிவில் அதை வெட்டி எடுப்பது ஒரு வயலை இழப்பதற்குச் சமம். 15-க்கு 11 மீட்டர் இடத்தில், ஒற்றை வளையத்தில் ஆடும் மூவர் ஆட்டம் இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்த ஆட்டம் அது. இரண்டாந்தர ஏற்பாடு என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை. உயரம் மாற்றக்கூடிய ஒரே ஒரு நல்ல கம்பம் இருந்தால் காலையில் சிறுவர்களுக்கு 2.60 மீட்டரிலும் மாலையில் பெரியவர்களுக்கு 3.05 மீட்டரிலும் வைத்து ஆடலாம். ஆனால் உயரம் மாற்றும் கம்பத்தில் ஊசியும் துளையும் நகரும் குழாயும் உண்டு. நீர் தேங்கித் துருப்பிடிக்கும் இடங்கள் அவையே. மாற்றத்தின் நன்மையை எறிகளில் அளந்தால் போதாது. ஒரு மழைப்பருவம் கழிந்த பின் அந்த ஊசிகள் எளிதில் கழல்கின்றனவா, குழாய் ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கம்பத்தின் உறுதிக்கு இரண்டு சுமைகளைக் கணக்கிட வேண்டும். ஒன்று தொங்கும் மனிதர்: கம்பத்திலிருந்து 2 மீட்டர் நீண்டிருக்கும் வளையத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் தொங்கினால், அடிப்பகுதியில் விழும் முறுக்கம் ஒரு மீட்டர் தள்ளி 120 கிலோவைத் தாங்குவதற்குச் சமம். தாவித் தொங்கினால் அது பல மடங்கு. மற்றது காற்று: 1.80-க்கு 1.05 மீட்டர் பலகையின் மேல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், சுமார் 85 கிலோ எடைக்கு ஈடான விசை 3.4 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. அடிப்பகுதியில் அதன் முறுக்கம் அசையாமல் தொங்குபவரைவிட இரண்டு மடங்குக்கு மேல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகள் அடைபட்டன. அப்படிப்பட்ட காற்று வரும் இடத்தில் துளையிட்ட பலகை வைக்கலாம் என்ற யோசனை நியாயமானது. காற்று உள்ளே புகுந்து போய்விடும். ஆனால் பந்தின் தெறிப்பு மாறும். கம்பி வலை குழிந்த பழைய கதை திரும்பாமலிருக்க, மேலே சொன்ன கயிற்றுச் சோதனையில் பலகையெங்கும் ஒரே அளவு வருகிறதா என்று பார்த்த பிறகே அதை ஏற்க வேண்டும்.

கம்பம் முறிவது பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில்: இரும்பு காங்கிரீட்டுக்குள் இறங்கும் கழுத்தில். மூடுபனியும் மழையும் விடாத ஊரில் அங்கே ஈரம் நிற்கும். வெளியில் வண்ணம் பளபளக்க, உள்ளே குழாய்ச் சுவர் தகடாக மெலியும். கழுத்தைச் சுற்றிக் காங்கிரீட்டை வெளிப்புறம் சரிவாக எழுப்பி நீர் வடியச் செய்வதும், துத்தநாகப் பூச்சுள்ள குழாயைப் பயன்படுத்துவதும், ஆட்டக்காரர் மோதாதவாறு 2.15 மீட்டர் உயரம்வரை மெத்தை கட்டும்போது மெத்தைக்கு அடியில் ஈரம் தங்காமல் அவ்வப்போது அவிழ்த்துப் பார்ப்பதும் வேண்டும். சோதனையின்போது மைதானத்தில் ஒருவரும் இல்லாமல், வளையத்தின் முன்விளிம்பில் கயிற்றால் மணல் மூட்டைகளைப் படிப்படியாக 105 கிலோவரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பலகையின் மேல்விளிம்பு எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். எடையை இறக்கியபின் பழைய குறிக்கே திரும்பினால் அமைப்பு நலமாயிருக்கிறது; ஓரிரு செ.மீ. இறங்கியே நின்றுவிட்டால், அல்லது கழுத்தில் வண்ணம் வெடித்தால், அந்தக் கம்பத்தை அன்றே இறக்கிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறையும், பலத்த காற்று அடித்த ஒவ்வொரு முறையும், பலகை, வளையம், தாங்கி ஆகியவற்றில் எதை மாற்றினாலும் அதற்குப் பிறகும் இதைச் செய்து, தேதியோடு பள்ளிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.